துண்டில் தொடங்கும் வம்சாவளி

இலங்கையின் ஊவாத் தோட்டமொன்றில் ஐந்தாறு தலைமுறையாக வேரூன்றிய ஒரு குடும்பம், முதன்முதலாகக் கடல் கடந்து வந்த மூதாதையின் ஊரைத் தேடப் புறப்பட்டால், கையில் கிடைக்கும் கடதாசி எதுவும் அந்தத் தேடலுக்காக எழுதப்பட்டதாக இராது. ஒன்று கடன் கணக்கு. இன்னொன்று கூலிக் கணக்கு. மற்றொன்று தொற்றுநோய்த் தடுப்பு முகாமின் வரவுப் பதிவு. கடைசியாக வருவது, எந்த நாட்டுக்காரன் என்று அரசு கேட்ட கேள்விக்குக் குடும்பத் தலைவன் கொடுத்த பதில். பதுளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதி மலையகத் தமிழரின் வம்சாவளி இந்த நான்குவகைக் கடதாசிகளின் இடுக்கில்தான் கிடக்கிறது. எழுதியவர் யார், யாரிடம் எதைப் பெறுவதற்காக எழுதினார் என்று பார்க்காமல் இவற்றைப் படித்தால் ஊர் தவறிவிடும்.

இது ஊவாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றவர்கள், 1783இல் போர் முடிந்ததும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ஏறக்குறைய அறுபதாயிரம் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் இன்றைய கனடாவில் குடியேறினர். இழந்த நிலத்துக்கும் வீட்டுக்கும் நட்டஈடு கேட்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுப்போட்டார்கள். லண்டன் நியமித்த ஆணைக்குழு அவர்களை விசாரித்தது. எங்கே பிறந்தாய், எப்போது குடியேறினாய், யாருக்காக ஆயுதம் எடுத்தாய், சாட்சி யார் என்ற கேள்விகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்த பதில்கள்தாம், தம்மை அந்த ராஜவிசுவாசிகளின் வழித்தோன்றல் என்று நிறுவ விரும்பும் கனடியர்களுக்கு இன்று முதல் ஆதாரம். 1914இல் அமைந்த அவர்களுடைய சங்கம் ஒவ்வொரு தலைமுறைக்கும் தனித்தனியே சான்று கேட்கும். அதே 1783இல் நியூயோர்க் துறைமுகத்தில் வேறொரு பேரேடும் எழுதப்பட்டது. மன்னர் பக்கம் சேர்ந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் சுமார் மூவாயிரம் பேரின் பெயர், வயது, உடல் அடையாளம், முன்பு யாருடைய அடிமை என்ற விவரங்கள் அதில் உண்டு. எசமானர்கள் பின்னாளில் நட்டஈடு கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட அந்தப் பேரேடே, அவர்கள் வழிவந்தோருக்குக் குலவரலாற்றின் முதல் ஏடாகிவிட்டது. மனுப்போட்டவர் சொத்தை இழந்தவர். பேரேட்டில் ஏறியவர் சொத்தாகவே எண்ணப்பட்டவர். ஊவாவின் தோட்டத் தொழிலாளர் இந்த இரண்டாமவருக்கு அருகில் தொடங்கி, நூறாண்டு கழித்து முதலாமவரைப் போல மனுப்போட வேண்டிய இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

விசுவாசத்தின் பெயரால் எழுதப்பட்ட வரலாறு ஊவாவுக்கும் அந்நியமில்லை. 1817இல் வெல்லஸ்ஸைப் பகுதியில் ஆங்கிலேயர் முகாந்திரமாக அமர்த்திய ஹஜ்ஜி மரிக்கார், கண்டிப் பிரபுக்களின் வெறுப்புக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். விசாரிக்கப் போன பதுளையின் ஆங்கிலேய அதிகாரி வில்சனும் அம்புக்கு இரையானார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையே கிளர்ச்சியில் சேர்ந்து 1818 நவம்பரில் தலை வெட்டப்பட்டார். அதே மாதம் வெளியான பிரகடனம், விசுவாசமாக இருந்த தலைவர்களுக்கும் பகுதிகளுக்கும் சலுகைகளை வரையறுத்தது. ஆட்சிக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்ற பிரிவினையே பதுளைக் கச்சேரிக் கடதாசிகளின் பிறப்புக்குறி எனலாம். ஆயினும் அந்தப் பட்டியல்களில் இடம்பெற்றவர்கள் திசாவைகள், முகாந்திரங்கள், விகாரைகள். கூலியாளுக்கு அங்கே வரி இல்லை.

ஊவாத் தமிழரின் தேடல் ஏன் இவ்வளவு சிக்கலானது என்பதற்கு நேட்டாலும் மொரீஷியஸும் நல்ல ஒப்பீடு. 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன ட்ரூரோ கப்பல் தொடங்கி, 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒன்றரை லட்சம் பேருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். மொரீஷியஸில் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அத்தகைய பதிவுகளைக் காத்துவருகிறது. பிற்காலத்தவர்க்குப் புகைப்படம்கூட உண்டு. ஒப்பந்தக் கூலிமுறை கொடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கொடுமை எழுத்து மூலமாக நடந்தது. இலங்கைக்கு வந்தவர்கள் அந்த முறைக்கு வெளியே வந்தவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் சுதந்திரமான பயணிகள், கடலும் குறுகியது. அதனால் ஆளுக்கொரு குடியகல்வுச் சீட்டு எழுதப்படவில்லை. அவர்களைக் கட்டிவைத்தது ஒப்பந்தம் அன்று, ஆள்திரட்டி அழைத்துவந்த கங்காணியின் கடன். கடன் கணக்கோ கங்காணியின் மடியில் இருந்தது.

கோப்பிக் காலத்து முதல் தலைமுறையைப் பற்றிப் பெயரோடு எதுவும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். 1840களில் ஊவா மலைகளில் கோப்பி பரவியபோது வந்தவர்கள் தங்க வந்தவர்கள் அல்லர். பாம்பன், தொண்டிப் பக்கத்திலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மேலும் பல நாள் மலையேறினால்தான் ஊவா. கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் திரும்பி நடை. வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களைத் தொகையாக எண்ணினார்களே தவிர, பெயராக எழுதவில்லை. 1869இல் மடுல்சீமையில்தான் கோப்பி இலையில் துருநோய் முதலில் கண்டறியப்பட்டது. இருபதாண்டுக்குள் அந்தப் பயிர் அழிந்தது. இடையில் வந்த தாது வருஷப் பஞ்சம் தமிழ் மாவட்டங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக ஆட்களைத் துரத்தியது. பல குடும்பங்களில் இன்றும் "பஞ்சத்தில் வந்தவர்கள்" என்ற ஒரே வாக்கியம்தான் முதல் மூதாதையின் முழு வரலாறு. அந்த வாக்கியத்தை அப்படியே 1876–78 என்று பொருள்கொள்வதும் ஆபத்து. பின்னர் வந்த பஞ்சங்களும் அதே பெயரால் நினைவில் நின்றுவிட்டன. ஒருவரே இரண்டு மூன்று முறை வந்துபோன காலம் அது.

தேயிலை வந்த பிறகே குடும்பம் தங்கியது. கோப்பிக்குப் பருவத்தில் ஆள் போதும். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். 1890இல் தாமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையை வாங்கியதையும், 1924இல் ரயில் பதுளை வரை வந்து சேர்ந்ததையும் தேயிலை வரலாறுகள் விரிவாகச் சொல்லும். வம்சாவளி தேடுவோருக்கு அவற்றைவிட முக்கியம், தொழிலாளர் குடியிருந்த லயன் வரிசைகள் நிலையானதும், பெண்களும் பிள்ளைகளும் கணக்கில் ஏறியதும். இந்தக் காலத்திலிருந்துதான் பெயர்கள் தென்படத் தொடங்குகின்றன.

அவற்றில் முதன்மையானது துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக நினைக்கும் கங்காணிக்கு, அவனும் அவன் ஆட்களும் செலுத்த வேண்டிய கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவரிடம் இவர்களை விட்டுவிடலாம் என்று தோட்ட அதிகாரியான துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் கடனைக் கட்டும். கட்டிய தொகை அதே ஆட்களின் தலையில் மீண்டும் ஏறும். ஆளைவிடக் கடனே தோட்டம் தோட்டமாக இடம்பெயர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. எஞ்சிய துண்டுகளில் பெரும்பாலும் காணப்படுவது கங்காணியின் பெயர், ஆள் தொகை, பணத் தொகை. கூலியாளின் பெயரைக் காணாமல் ஏமாறுவோர் பலர். ஆனால் கங்காணியின் பெயரே பெரிய பிடி. பெரிய கங்காணி ஊருக்குப் போய் ஆள்கட்டும்போது சொந்தக் கிராமத்திலும் சுற்றுப்புறத்திலும்தான் கட்டுவார். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிமார் தத்தம் பங்காளிகளையும் சம்பந்திகளையும் சேர்ப்பார்கள். ஆகவே மூதாதை எந்தக் கங்காணியின் கூட்டத்தில் இருந்தார் என்று கண்டுகொண்டால், கங்காணியின் ஊரிலிருந்து சில கல் தூரத்துக்குள் மூதாதையின் ஊரும் இருக்கும். பெரிய கங்காணிமாருக்குச் சொத்து இருந்தது, வழக்கு இருந்தது, கோயில் திருப்பணி இருந்தது. காணிப் பதிவகத்தில் உறுதி, நீதிமன்றத்தில் வழக்கேடு, தோட்டத்து மாரியம்மன் கோயில் கல்லில் உபயகாரர் பெயர் என்று அவர்கள் பல இடங்களில் தடம் விட்டிருக்கிறார்கள். சாமானியனின் ஊரை அவனை ஆண்டவனின் கடதாசியில் தேட வேண்டியிருக்கிறது. கசப்பானது, ஆனால் பலன் தருகிற வழி அதுதான்.

1901இல் வந்த தகரச் சீட்டு இதே கணக்கின் இன்னொரு வடிவம். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று எழுத்தும் எண்ணும் குத்திய சிறு தகரம் அது. முகாமில் காட்டினால் பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். பழைய தகரப் பெட்டிகளின் அடியில் இப்படியொன்று கிடைத்தால் அதைக் காசென்று நினைத்து வீசிவிடக் கூடாது. முதலில் வந்து சேர்ந்த தோட்டத்தை அந்த எண் சொல்லிவிடும். தோட்ட உரிமையாளர்களுக்காக 1904இல் திருச்சிராப்பள்ளியில் அமைந்த இலங்கைத் தொழில் ஆணையகம் ஆள்திரட்டலை ஓரளவு எழுத்துக்குள் கொண்டுவந்தது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் இருந்த முகாம்களில் வருவோரைச் சில நாள் நிறுத்தி, அம்மை குத்தி, உடை அவித்து அனுப்பினார்கள். மண்டபம், தனுஷ்கோடி வழியே தலைமன்னார் போகும் பாதை 1914இல் ரயிலும் கப்பலுமாக இணைந்த பிறகு, ஊவாவுக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வாசலைக் கடந்தவர்களே.

தோட்டத்துக்குள் வந்துவிட்டால் செக்ரோல். காலைப் பெரட்டில் ஆள் எண்ணி, மலைக்குப் போனதும் கணக்கப்பிள்ளை சட்டைப் பையிலுள்ள சிறு செக்ரோலில் பேர் போடுவார். மாலையில் அது அலுவலகத்துப் பெரிய செக்ரோலில் ஏறும். மாத இறுதியில் பேரைக் கூட்டி, அரிசிக்கும் கம்பளிக்கும் முற்பணத்துக்கும் கழித்து, மிச்சத்தைக் கூலி என்பார்கள். வரிசை அகரவரிசையில் இராது, கங்காணி வாரியாக இருக்கும். ஒரே கங்காணியின் கீழ் அடுத்தடுத்து வரும் ஆண், பெண், பிள்ளைப் பெயர்கள் பெரும்பாலும் ஒரே லயன் காம்பராக்காரர், அதாவது ஒரே அறையில் வாழ்ந்தவர்கள். இந்த வரிசை ஒழுங்கே உறவைச் சொல்லும் சான்று. பெயரை மட்டும் பிரதியெடுத்துக்கொண்டு வரிசையை விட்டுவிடுவது தேடுவோர் வழக்கமாகச் செய்யும் பிழை. எழுத்து இன்னொரு தொல்லை. கருப்பன் ஆங்கிலத்தில் கார்ப்பென் ஆகியிருப்பார், முத்து மூட்டூ ஆகியிருப்பார், ராமன் ராமென் ஆகியிருப்பார். ஒரே மனிதரை ஒரு துரை சீ எழுத்திலும் அடுத்த துரை கே எழுத்திலும் தொடங்கியிருப்பார்கள். தகப்பன் பெயர் இல்லாத இடத்தில் இரண்டு கருப்பன்களைப் பிரித்தறிய, பெரிய, சின்ன, நெட்டை, குள்ள என்று கணக்கப்பிள்ளை ஒட்டிவைத்த அடைமொழிதான் துணை. அந்த அடைமொழி சில வீடுகளில் இன்றும் வழங்குகிறது என்பதால், பாட்டிமாரிடம் கேட்பது பயனற்ற வேலையன்று.

தோட்டத்துப் பெயரும் குழப்பும். துரைமார் ஸ்கொத்லாந்தையும் இங்கிலாந்தையும் நினைத்து வைத்த பெயர் ஒன்று. சிங்களக் கிராமப் பெயர் ஒன்று. தொழிலாளர் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர் மற்றொன்று. குடும்பக் கதையில் வருவது பெரும்பாலும் மூன்றாவது, ஆவணத்தில் வருவது முதலாவது. பெர்குசன் வெளியிட்டுவந்த இலங்கை வழிகாட்டி நூல்களில் தோட்டம், உரிமையாளர், துரை ஆகியோர் ஆண்டுவாரியாக அச்சாகியிருப்பதால் இந்த முடிச்சுகளில் பலவற்றை அவிழ்க்க முடிகிறது. தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் 1854 முதல் தோட்டங்களில் இயங்கிய கிறிஸ்தவ மிஷனின் ஞானஸ்நான, திருமண ஏடுகள் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கூடுதல் உதவி.

செக்ரோல்களில் எஞ்சியவை மிகக் குறைவு. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி ஜனவசமவுக்கும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் கைமாறின. 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் புதிய நிர்வாகத்துக்கு வேண்டியது நிலுவைக் கணக்கு மட்டுமே. கறையான் தின்றது போக மிச்சத்தை எரித்தார்கள். சேவைக்காலப் பணமும் ஈ.பீ.எப். பணமும் வாங்கும்போது மட்டும் பழைய செக்ரோல் தேடப்பட்டது. அதற்கு உதவிய ஏடுகளே பெரும்பாலும் தப்பின.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தோட்டத்தில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் துரையே அறிவித்து மாவட்டப் பதிவாளர் பதிவது என்ற தனி நடைமுறை இருந்தது. அறிவித்தவர் பெற்றவர் அல்லர் என்பதால் தாயின் பெயர் தவறும். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு முடிந்து, பெயர்க் கூடு வெறுமையாகவே நின்றுவிடுவதும் உண்டு. இதே பத்திரத்தில் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருந்தால் அவர்கள் பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றை எழுதக் கூடுகள் இருக்கின்றன. பதிவுத் திணைக்களத்துக்குக் குலவரலாற்றில் எப்படி இவ்வளவு அக்கறை என்று பார்ப்பவர் வியக்கலாம். அந்தக் கூடுகளின் விதை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

அந்த ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், வம்சாவளியால் பிரஜையாவதற்கு, இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. உலகில் வம்சாவளி ஆராய்ச்சி சிலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்குக் கௌரவம். மலைநாட்டில் அது சட்டத்தின் கட்டளையாக வந்தது. இத்தகைய சான்று அன்று பெரும்பான்மைச் சிங்களக் கிராமத்தவரிடமும் இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற 7 தொகுதிகளில் பதுளையும் ஒன்று என்பதைச் சேர்த்துப் படித்தால், கேள்வி யாரைக் குறிவைத்தது என்பதில் மயக்கமில்லை. அந்தத் தேர்தலின் வாக்காளர் இடாப்பு இன்று தோட்டவாரியான அரிய பெயர்ப் பட்டியல். 1952 இடாப்பில் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

1949இன் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய–பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், வேறொரு வாசலைத் திறப்பதுபோல் தோன்றியது. 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனுச் செய்ய 1951 ஆகஸ்ட் 5 வரை அவகாசம். காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்து, பிறகு மனம் மாறியது; கடைசி மாதங்களில் மனுக்கள் மலையாகக் குவிந்தன. சுமார் 2,37,000 மனுக்கள், அவற்றுக்குள் சுமார் 8,25,000 பேர். அவர்களில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. வம்சாவளி தேடுவோருக்கு இந்தக் கோவைகள்தாம் பொக்கிஷம். மனுவோடு துரையின் கடிதம், செக்ரோல் பிரதி, பிறப்பு அத்தாட்சி, தோட்டப் பாடசாலைச் சேர்விடாப்பின் நகல், சத்தியக் கடதாசி எல்லாம் சேர்ந்திருக்கும். ஒரு குடும்பத்தின் பதினைந்து, இருபது ஆண்டு வாழ்க்கை தேதியோடு வேறெங்கும் இப்படித் தொகுக்கப்படவில்லை.

ஆனால் இந்தக் கோவையில் தமிழ்நாட்டு ஊரைத் தேடினால் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நம்புவது அரிது. காரணம் எளிது. ஊரில் நிலம் உண்டா, பணம் அனுப்புகிறாயா, கடைசியாக எப்போது போனாய் என்று விசாரணை அதிகாரி கேட்பது மனுவைத் தள்ளுவதற்கு. ஊரே தெரியாது, உறவே இல்லை என்பதுதான் பாதுகாப்பான பதில். 1951இல் ஊரை மறந்தவர்கள் உண்மையில் மறந்தவர்கள் அல்லர்.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கேள்வியைத் தலைகீழாக்கியது. 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பதென்றும் முடிவாயிற்று. 1974இல் அந்த எச்சத்தைப் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனித எண்ணிக்கையை இரு பிரதமர்கள் இப்படிப் பங்கிட்டதற்கு வரலாற்றில் நிகர் குறைவு. இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டவர்களுக்கு இப்போது ஊர் வேண்டும். ஜில்லா, தாலுகா, கிராமம், உறவினர் பெயர். பதினெட்டு ஆண்டுக்கு முன் ஊரே தெரியாது என்று சத்தியம் செய்த அதே குடும்பம், முசிறித் தாலுகாவில் இன்ன கிராமம் என்று எழுதிக்கொடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஒன்றைப் பொய் என்று ஒதுக்கத் தேவையில்லை. 1951இன் கோவை இலங்கை வாழ்வுக்குச் சாட்சி, 1960களின் கடைசியில் எழுதப்பட்ட கோவை இந்திய ஊருக்குச் சாட்சி. கேட்டவர் எந்தப் பக்கம் இழுத்தாரோ அந்தப் பக்கம் பதில் நீண்டிருக்கிறது. ஊர் தெரியாமலே தோட்டத்துக் கிளார்க்கின் யோசனைப்படி பக்கத்துக் காம்பராக்காரரின் ஊரை எழுதிக்கொடுத்தவர்களும் இருக்க முடியும் என்பதால், ஒரே தோட்டத்திலிருந்து ஒரே கிராமப் பெயரில் பல குடும்பங்கள் வந்தால் அதை மட்டும் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

இந்தப் பங்கீட்டில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியவரானார்கள். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நிற்கும்வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியக் கரையில் இறங்கினார்கள். அவர்களுக்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டையில் குடும்பத்தினர் பெயர், வயது, உறவுமுறை, விட்டுவந்த தோட்டம் எல்லாம் இருந்தன. பலர் சொந்தக் கிராமத்துக்குப் போய்ப் பிழைக்க வழியில்லாமல், கூடலூர், கோத்தகிரி, சேரம்பாடி என்று நீலகிரிக்கு நகர்ந்து, அவர்களுக்காகவே அமைக்கப்பட்ட டான்டீ அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து கிள்ளினார்கள். ஆகவே பசறையில் இருப்பவர் தேட வேண்டிய கடதாசி பசறையில் இல்லாமல் பந்தலூரில் ஒரு சித்தப்பா பேரனின் பீரோவில் இருக்கக்கூடும். பதுளைப் பக்கத்துத் தேடல்களில் இந்தக் கிளைவழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏனோ பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

இலங்கையில் எஞ்சியோருக்கு 1988லும் 2003லும் வந்த சட்டங்கள் நாடற்ற நிலையை முடித்துவைத்தன. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்துக்கு, 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவர் அல்லது அவர் வழிவந்தவர் என்பதே போதும். பாட்டன், பூட்டன் பிறப்பைக் கேட்கவில்லை. அரசு கேட்பதை நிறுத்தியதும் வீடுகளில் பழைய கடதாசியைக் காப்பாற்றும் அவசரமும் தளர்ந்தது. தவிர, காப்பாற்ற முடியாத காலங்களும் உண்டு. 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது லயன்கள் ஆட்களோடும் தகரப் பெட்டிகளோடும் மண்ணுக்குள் போயின.

கடதாசி இல்லாத வீட்டுக்கும் ஒரு சான்று மிஞ்சும். அது குலதெய்வம். மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன் என்ற பொதுப்பெயரில் துப்புக் குறைவு. ஆனால் வீட்டுக்குள் மட்டும் சொல்லப்படும் முழுப்பெயர், ஏதோவொரு ஏரிக்கரையை, ஆற்றுத்துறையை, எல்லையைச் சுட்டும் அடைமொழியோடு வரும். தோட்டத்தில் கோயில் எழுப்பியபோது ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்தார்கள் என்ற கதை இருந்தால், எடுத்துவந்தவர் யார், எந்த வழியாகப் போனார் என்று கேட்க வேண்டும். முதல் மொட்டை யார் மடியில் போடுவது, காதுகுத்துக்கு எந்தத் தாய்மாமன் வகையறா வருவது, எந்த வீட்டில் பெண் எடுக்கக்கூடாது என்ற விதிகள், பங்காளி யார், சம்பந்தி யார் என்பதை எழுதாமலே காத்துவந்திருக்கின்றன. பெண் எடுக்கக்கூடாத வீடு ஒரே குலதெய்வத்து வீடு. அந்த வீட்டாரிடம் ஊர்ப் பெயர் தப்பியிருக்கலாம். இதில் ஒரு சங்கடம் உண்டு. இந்தத் தடம் சாதி வழியே ஓடுகிறது. சாதியைச் சொல்லக் கூடாது என்றே பிள்ளைகளை வளர்த்த வீடுகளில், ஊரைத் தேடுபவர் அதையும் சேர்த்துத் தோண்ட நேர்கிறது. தேடலை அந்த இடத்தில் நிறுத்திக்கொள்பவர்களைக் குறைசொல்வதற்கில்லை.

ஊர்ப் பெயர் கிடைத்த பிறகு தமிழ்நாட்டு வரைபடம் சோதிக்கும். பழைய கடதாசியில் திருச்சி ஜில்லா என்றிருப்பது இன்று கரூரோ, பெரம்பலூரோ, அரியலூரோ ஆகியிருக்கும்; முதலிரண்டும் 1995இல் தனி மாவட்டமாயின. சேலம் ஜில்லா என்றிருப்பது நாமக்கல்லாக இருக்கலாம். அது 1997இல் பிரிந்தது. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம் என்பதால் அங்கிருந்து வந்தவர்களின் கடதாசிகளை வேறு அலுவலகத்தில் தேட வேண்டும். ஒரே பெயரில் ஐந்தாறு பட்டிகள் இருக்கும் நாட்டில், தாலுகாவும் பக்கத்துச் சந்தையின் பெயரும் இல்லாமல் கிராமப் பெயர் தனியே உதவாது. கிராமப் பிறப்பு இறப்புக் கணக்கை எழுதிவந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபோது, பல ஊர்களில் பழைய கணக்குகள் அந்தக் குடும்பங்களின் வீட்டுப் பரண்களிலேயே தங்கிவிட்டன. வருவாய்த்துறையின் நிலப் பதிவேட்டில் நிலமற்றவர் பெயர் இராது. ஊவாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள்.

ஓரளவு நிலம் இருந்தவர்களின் ஊர்களில் நிலைமை வேறு. குலதெய்வத் திருவிழாவின் தலைக்கட்டு வரிக் கணக்கிலும், பாகப்பிரிவினைப் பத்திரங்களிலும் கண்டிச் சீமைக்குப் போன பங்காளியின் பெயர் நிற்கும். அவர் பங்கை மற்றவர்கள் அனுபவிப்பதாகக் குறிப்பும் இருக்கும். ஆகவே பதுளையிலிருந்து பூட்டன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் அந்தத் தெருவில் வந்து நின்றால், பாயை விரித்துக் காப்பி கொடுத்த கையோடு, பங்கு கேட்டு வந்தாரா என்பதைத்தான் அந்த வீட்டார் முதலில் தெரிந்துகொள்ளப் பார்ப்பார்கள். பங்கு வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று அவர்களுக்கு விளங்கவைத்த பிறகே அந்தப் பத்திரம் பெட்டியிலிருந்து வெளியே வரும்.